பாகவதரும் சின்னப்பாவும்: சிறை இல்லாதிருந்தால்?

தியாகராஜ பாகவதரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அடுத்த வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான். "அந்த லட்சுமிகாந்தன் கேஸ் மட்டும் இல்லேன்னா அவரை யாராலயும் அசைச்சிருக்க முடியாது." கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. 1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வெளியாகிறது. நவம்பரில் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறக்கிறார். பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாகிறார்கள், 1945இல் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில்தான் இருவருக்கும் விடுதலை. அதற்குப் பிறகு பாகவதருக்குப் பழைய மாதிரி ஒரு படம்கூட ஓடவில்லை.

எங்கள் தொழிலில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருள் திடீரென்று படுத்துவிட்டால், கடைசியாக எதை மாற்றினோம் என்றுதான் முதலில் தேடுவோம். பல நேரம் அதுதான் குற்றவாளி. சில நேரம் அது தற்செயல், உண்மையான கோளாறு வேறெங்கோ முன்பே ஆரம்பித்திருக்கும். இதைப் பிரித்தறிய, அந்த மாற்றம் நடக்காத இன்னொரு மெஷினை எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். பாகவதர் விஷயத்தில் அப்படி ஒரு இன்னொரு மெஷின் உண்டு, பி.யு.சின்னப்பா.

இருவரும் நாடகத்திலிருந்து வந்தவர்கள். இருவரும் சொந்தக் குரலில் பாடி நடித்தவர்கள். ஒரே பத்தாண்டின் உச்ச நட்சத்திரங்கள். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டதும் இவர்களுக்காகத்தான், பிறகு வந்த எம்.ஜி.ஆர்-சிவாஜி கட்சிகளுக்கு இதுவே முன்னோடி.

ஆனால் வேலை செய்த விதம் வேறு. பாகவதர் மொத்தம் நடித்தது 14 படங்கள். பவளக்கொடி (1934) முதல் ஹரிதாஸ் வரை பத்து வருடத்தில் ஒன்பதே ஒன்பது. அதில் சிந்தாமணியும் அம்பிகாபதியும் ஒரே வருடம், 1937. சிந்தாமணி வசூலில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி அதே பெயரை வைத்தார்கள். ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. நாயகன் ஜெயிலில், படம் தியேட்டரில். இதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

சின்னப்பாவோ உழைப்பாளி ரகம். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாக நடித்தவர். குரல் உடைந்து சான்ஸ் குறைந்த காலத்தில் சிலம்பம், குஸ்தி என்று கற்றுக்கொண்டவர். 1936இல் சந்திரகாந்தாவில் வந்தாலும் நாலு வருடம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸ் உத்தமபுத்திரனில் இரட்டை வேடம் கொடுத்தது. அதன் பிறகு ஆர்யமாலா, கண்ணகி, மனோன்மணி, குபேர குசேலா, ஜகதலப்பிரதாபன் என்று வரிசை. 1940 முதல் 1944 வரை பாகவதருக்கு அசோக்குமார், சிவகவி, ஹரிதாஸ் என மூன்றே படங்கள். சின்னப்பாவுக்கு பத்துக்கு மேல்.

குரலை ஒப்பிட்டால் என் ஓட்டு பாகவதருக்குத்தான். அந்த உச்சஸ்தாயியில் அப்படி ஒரு சுத்தம் சின்னப்பாவிடம் இல்லை. ஆனால் பாட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். பாகவதரிடம் மிஞ்சுவது அழகான முகமும் சில்க் ஜிப்பாவும். சின்னப்பாவிடம் கத்திச்சண்டை மிஞ்சும், வசனம் மிஞ்சும், இரண்டு வேடத்துக்கு இரண்டு நடை மிஞ்சும். கண்ணகியில் இளங்கோவன் எழுதிய வசனத்தைக் கண்ணாம்பாவுக்கு எதிரில் நின்று பேசுவது லேசுப்பட்ட வேலை இல்லை.

இப்போது 1947க்கு வருவோம். பாகவதர் சொந்தமாக ராஜமுக்தி (1948) எடுத்தார், ஓடவில்லை. சிறைக்கே போகாத சின்னப்பா என்ன ஆனார்? 1949இல் மூன்று வேடத்தில் மங்கையர்க்கரசி, நன்றாகவே ஓடியது. ஆக, பாடும் நாயகனின் காலம் 1947இலேயே முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அப்படியானால் சிறைதான் காரணமா? அங்கேதான் மூன்றாவது ஆள் வருகிறார். அதே வழக்கு, அதே தண்டனை, அதே நாளில் விடுதலை: என்.எஸ்.கிருஷ்ணன். அவர் வெளியே வந்து அண்ணாதுரை எழுதிய நல்லதம்பியில் (1949) நடித்தார், மணமகள் (1951) இயக்கினார், ஜனங்கள் பழையபடி சிரித்தார்கள். சிறைக்குப் போனவர் என்பதற்காக யாரும் அவரை ஒதுக்கவில்லை.

இரண்டையும் சேர்த்து வைத்தால் எனக்குத் தெரிவது இது. பாட்டு மட்டும் தெரிந்த பாடும் நாயகனுக்குத்தான் கதவு மூடியது. பின்னணிப் பாடல் அதற்குள் வேரூன்றிவிட்டது. பாடத் தெரியாதவரும் நாயகனாகலாம். கேட்பதற்குப் பதில் பேச்சைக் கேட்க ஆசைப்பட்டது கூட்டம். சிறை அந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை. ஆனால் மாற்றம் நடந்த இரண்டரை வருடம் அவரை வெளியே இல்லாமல் வைத்தது. மூன்று பேரை வைத்துப் போடும் கணக்கு நிரூபணம் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் "கேஸ் இல்லேன்னா" என்ற வாதம் என்.எஸ்.கே. எதிரில் நிற்கவில்லை.

சின்னப்பா கதை இன்னும் பரிதாபம். 1951 செப்டம்பரில், 35 வயதில் இறந்துவிட்டார். சுதர்சன் அவர் போன பிறகு வந்தது. அடுத்த வருடம் பாகவதரின் அமரகவி, சியாமளா இரண்டும் வந்தன. அதே 1952 தீபாவளிக்கு பராசக்தியும் வந்தது. சின்னப்பா இருந்திருந்தால் கருணாநிதி வசனத்துக்குத் தாக்குப்பிடித்திருப்பார் என்றே நினைக்கிறேன். பாகவதரால் முடிந்திருக்காது.

இன்னொன்று. எம்.ஜி.ஆர். இந்த இருவர் படத்திலும் சின்ன வேடம் செய்தவர்: அசோக்குமாரில் பாகவதரோடு, ரத்னகுமாரில் சின்னப்பாவோடு. சிவாஜியோ இருவரின் படங்களையும் திரும்ப நடித்தார். 1958இல் உத்தமபுத்திரன், அதற்கு முந்தின வருடம் அம்பிகாபதி. 1937இல் அம்பிகாபதியாக நடித்ததும் பாடியதும் ஒரே ஆள். 1957இல் முகம் சிவாஜியுடையது, குரல் டி.எம்.சௌந்தரராஜனுடையது. அந்த சௌந்தரராஜன் 1950இல் கிருஷ்ண விஜயத்தில் அறிமுகமானதே பாகவதர் மாதிரி பாடித்தான். இரண்டாவது அம்பிகாபதி வந்த அதே வருடம் பாகவதர் தானே தயாரித்து, இயக்கி, நடித்துப் பாடிய புது வாழ்வு வெளியானது. ஓடவில்லை.