ஒரு சர்வர், இரண்டு முகவரிகள்

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் சர்வரின் ஐபி முகவரியை மாற்ற வேண்டியிருந்தது. உடனே மாற்றினால், பழைய முகவரியைத் தேடும் பத்துக் கணினிகளும் நின்றுவிடும். அன்றைய பாடமும் நின்றுவிடும்.

இதற்கு இன்னொரு நெட்வொர்க் கார்டு தேவையில்லை. ஒரே வீட்டுக்குப் பழைய கதவு எண்ணும் புதிய கதவு எண்ணும் இருப்பதுபோல, ஒரே கார்டுக்கு இரண்டு முகவரிகள் தரலாம்.

முதலில் எல்லாக் கணினிகளையும் இயக்கி, புதிய முகவரி வேறு எதற்கும் இல்லை என்பதைப் ‘பிங்’ செய்து உறுதிசெய்யுங்கள். ஒரே முகவரி இரண்டு கணினிகளுக்கு இருந்தால் இரண்டுமே தடுமாறும்.

பிறகு லினக்ஸ் நெட்வொர்க் அமைப்பில் ஐபிவி4 பகுதியில் 192.168.1.10-க்குக் கீழ் 192.168.1.50, நெட்மாஸ்க் 255.255.255.0 எனச் சேர்த்துச் சேமியுங்கள். கேட்வே பழையதே போதும். இணைப்பை ஒருமுறை அணைத்து இயக்குங்கள்.

கணினிகளை ஒவ்வொன்றாகப் புதிய முகவரிக்கு மாற்றியபின் பழையதை நீக்கலாம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு பாடவேளைகூட வீணாகவில்லை.