வக்கீல் வைக்க காசு இல்லையா? மாஜிஸ்திரேட்டிடமே கேட்கலாம்!

வீட்டில் சம்பாதிக்கிற ஆளை போலீசார் பிடித்துப் போய்விட்டால், குடும்பம் முதலில் ஓடுவது வக்கீலைத் தேடித்தான். கையில் காசு இருக்காது. தோடு அடகுக் கடைக்குப் போகும். இல்லாவிட்டால் கந்து வட்டி. அதுவும் முடியாதவர்கள், "விதிப்படி நடக்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளே போனவர் ஜெயிலிலேயே கிடக்கிறார்.

ஆனால், கைதானவருக்கு வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் அரசு செலவில் வக்கீல் தரவேண்டும் என்பது சட்டம்.

கேட்காவிட்டாலும் உரிமை

பீகார் ஜெயில்களில் விசாரணையே முடியாமல் ஏழைகள் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது 1979-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. ஏழைக்கு இலவச வக்கீல் அடிப்படை உரிமை என்று கோர்ட்டு சொன்னது.

அடுத்து பாகல்பூர் சம்பவம். கண்கள் குருடாக்கப்பட்ட விசாரணைக் கைதிகளுக்கு வக்கீல் கொடுக்கவில்லை. "அவர்கள் கேட்கவில்லை" என்று காரணம் சொல்லப்பட்டது. 1981-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை ஏற்கவில்லை. 'முதல் தடவை மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தும்போதே உரிமை தொடங்கிவிடுகிறது. அதை மாஜிஸ்திரேட்டுதான் எடுத்துச் சொல்ல வேண்டும்' என்று உத்தரவிட்டது. 1986-ல் சுக்தாஸ் வழக்கில், வக்கீல் இல்லாமல் நடந்த விசாரணையில் கிடைத்த தண்டனையே ரத்தானது.

யாருக்கு கிடைக்கும்?

1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டப்படி, காவலில் இருப்பவர்கள், பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் இலவச வக்கீல் கேட்கலாம். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்கு வரம்பு உண்டு.

ஜீவனாம்சம், சம்பள பாக்கி, விபத்து நஷ்டஈடு போன்ற வழக்குகளுக்கும் இந்த உதவி உண்டு.

எங்கே போவது?

கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். "அய்யா, எனக்கு வக்கீல் இல்லை" என்று அங்கேயே சொல்லலாம். ஜெயிலுக்குப் போன பிறகும், ஜெயில் அதிகாரி மூலம் மனு கொடுக்கலாம்.

வெளியே இருக்கும் குடும்பத்தார் கோர்ட்டு வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும், எழுதிக்கொள்வார்கள். போனில் கேட்க 15100.

இந்த வக்கீலுக்கு பீஸ் கொடுப்பது ஆணைக்குழுதான். 'செலவுக்கு' என்று அவர் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். அதே ஆபீசில் புகார் சொல்லலாம்.