பரிசுக்காக நோயை மறைக்காதீர்கள்

எடையைக் குறைத்தால் பரிசு, சிகரெட்டை விட்டால் பரிசு, வருடம் முழுக்க எம்.சி. எடுக்காமல் வேலைக்கு வந்தால் அரிசி மூட்டை. இப்படிச் சில நிர்வாகங்கள் திட்டம் போடுகின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் பரிசு உடம்பைக் குணமாக்குமா?

அமெரிக்காவில் பி.ஜே.ஸ் என்னும் மொத்த விலைக் கடை நிறுவனத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 160 கடைகள், ஏறத்தாழ 33,000 தொழிலாளர்கள். சீட்டுக் குலுக்குவதுபோல் 20 கடைகளை எடுத்து, அங்கே மட்டும் சாப்பாடு, உடற்பயிற்சி பற்றி வகுப்பு நடத்தி, கலந்துகொண்டவர்களுக்குச் சிறு பரிசும் கொடுத்தார்கள். 18 மாதம் கழித்து, "ஒழுங்காக உடற்பயிற்சி செய்கிறோம்" என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை எதிலும் மற்றக் கடைகளைவிடச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வேலைக்கு வராத நாளும் குறையவில்லை. 2019இல் இந்த முடிவு வெளிவந்தது.

எனக்குப் பயமெல்லாம் அந்த எம்.சி. பரிசில்தான். நான் முன்பு இருந்த ஒரு தோட்டத்தில், பழம் வெட்டும் ஒருவருக்குக் காலில் செம்பனை முள் ஏறிவிட்டது. அவருக்குப் பல வருடமாக இனிப்பு நீர். அது நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். முள் இருப்பதே தெரியாது. புண்ணும் சீக்கிரம் ஆறாது. பூட்ஸுக்குள் துணியைச் சுற்றிக்கொண்டு பத்து நாள் பெரட்டுக்கு வந்திருக்கிறார். மனைவி கிளினிக்குக்கு இழுத்து வந்தபோது விரல் கறுத்திருந்தது. "இன்னும் ரெண்டு மாசந்தான் டிரஸ்ஸர், வருஷம் முடிஞ்சிரும்னு பாத்தேன்" என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். அரிசி மூட்டையும் கிடைக்கவில்லை.

எம்.சி. உங்கள் உரிமை. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருடத்துக்குள் என்றால் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை. டாக்டரின் சீட்டு வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் தினமும் மாலை குளித்ததும் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். கண் மங்கியவர்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் கீறல் என்றாலும் மறுநாள் காலையிலேயே கிளினிக்குக்கு வந்துவிடுங்கள்.