டொமினோ மேசையும் வீட்டுத் திண்ணையும்

கரீபியன் ஆண் என்றதும் நம் ஆட்களுக்கு ஒரு சித்திரம் வந்துவிடும்: ரம், பாட்டு, வாய்ச்சவடால், ஊருக்கு ஒரு காதலி. அதே தீவுகளைப் பற்றி இன்னொன்றும் சொல்வார்கள், அங்கே வீட்டை நடத்துவது பெண்கள்தான் என்று. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்? டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும். கியூபா போன்ற ஸ்பானிய மொழித் தீவுகளின் கதை வேறு. நான் சொல்வது ஜமைக்கா பக்கத்துச் சங்கதி.

1817-இல் ஜமைக்காவில் அடிமைகளைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அந்தப் பேரேடுகளில் பெயர், வயது, நிறம், ஆப்பிரிக்காவில் பிறந்தவரா தீவில் பிறந்தவரா என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. குறிப்பு எழுதும் கட்டத்தில் பல குழந்தைகளுக்கு அம்மாவின் பெயர் இருக்கும். அப்பாவுக்கென்று ஒரு கட்டமே கிடையாது. ஏனென்றால் அடிமைத் தாய் பெற்ற பிள்ளையும் அடிமை, அவள் முதலாளிக்கே சொத்து. அப்பன் யாராக இருந்தாலும் கணக்குக்கு ஒன்றுதான். அடிமைகளின் கல்யாணத்தையும் சட்டம் நெடுங்காலம் மதிக்கவில்லை. இன்னொரு பக்கம், கரும்பு வெட்டுவதில் பெண்ணுக்கு எந்தச் சலுகையும் இல்லை. வயலில் இறங்கிய கூட்டத்தில் பல தோட்டங்களில் பெண்களே அதிகம். மெல்லியலாள் என்ற பேச்சு வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு மட்டும்தான்.

1838-இல் விடுதலை முழுமையானதும் பாதிரிமார்கள் வந்து, ஆண் சம்பாதிக்கட்டும், மனைவி வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். கூலி அதற்குப் போதவில்லை. பெண்கள் காய்கறிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு நடந்தார்கள். ஜமைக்காவில் இந்த வியாபாரிப் பெண்களை ‘ஹிக்லர்’ என்பார்கள். வீட்டுக்குள் தலைவனாக இருக்கப் பணம் இல்லை என்றால் ஆண் எங்கே போய் ஆணாவான்? தெருமுனைக்குப் போனான்.

அந்தத் தெருமுனையைப் பார்க்க வேண்டும். ரம் கடை வாசலில் நான்கு பேர் டொமினோ ஆடுவார்கள். காயை மேசையில் வைக்க மாட்டார்கள், ஓங்கி அறைவார்கள். ஜெயித்தவன் தோற்றவனைக் கிண்டலடித்தே கொன்றுவிடுவான். யார் நன்றாகப் பேசுகிறான், யார் பாடுகிறான், யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் அங்கேதான் எடைபோடப்படும். பீட்டர் வில்சன் என்ற மானிடவியலாளர் பிரொவிடென்சியா தீவில் இதைக் கவனித்து 1973-இல் ஒரு புத்தகம் எழுதினார். பெண்கள் தேடுவது சர்ச், தாலி, சுத்தமான வீடு தருகிற மரியாதை. ஆண்கள் தேடுவது கூட்டாளிகள் மத்தியில் பெயர் என்றார். அழகான பிரிவுதான், கொஞ்சம் அதிக அழகு. சந்தையில் கூவி விற்று ஊரெல்லாம் பெயர் வாங்கிய பெண்ணை எந்தப் பக்கம் வைப்பது? மானிடவியலாளர் ஜீன் பெஸன் 1993-இல் இதைத்தான் கேட்டார்.

கரீபியனில் எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. 1838 முதல் 1917 வரை கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் கப்பலேறிய இந்தியக் கூலிகளில், மதராஸ் துறைமுகத்திலிருந்து போன தமிழர்களும் உண்டு. பிற்பாடு அரசு வகுத்த விதியே நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பதுதான். பெண் குறைவு என்பதால் அவள் ஒருவனை விட்டு இன்னொருவனோடு போக முடிந்தது. ஆணுக்கு அது பொறுக்கவில்லை. கரும்பு வெட்டுகிற கத்தியாலேயே மனைவியை வெட்டிய வழக்குகள் காலனி ஆவணங்களில் வரிசையாகக் கிடக்கின்றன. இங்கே ஆண்மை என்பது ஊர் சுற்றுவதில் இல்லை, பெண்ணைப் பூட்டி வைப்பதில்.

ஜமைக்காவுக்கே திரும்புவோம். அங்கே பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: கிடாரியைக் கட்டிப்போடு, காளையை அவிழ்த்துவிடு. சொல்வது பெரும்பாலும் அம்மாக்கள்தான். பெண்பிள்ளை பாத்திரம் கழுவி, தம்பியைப் பார்த்துக்கொண்டு, பாடம் படிக்கும். பையன் தெருவில். விளைவு, மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில் இன்று பெண்களே பெரும்பான்மை. கறுப்பின ஆண் ஓரங்கட்டப்படுகிறான் என்று ஜமைக்கக் கல்வியாளர் எரல் மில்லர் 1986-இலேயே எழுதிவிட்டார், அந்த வாதம் இன்றும் ஓடுகிறது. பையன்களின் படிப்பைப் பற்றிய கவலை நியாயமானதுதான். ஆனால் ஆண் இறங்கிவிட்டான், பெண் ஏறிவிட்டாள் என்ற புலம்பலை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. 1962-இல் சுதந்திரம் பெற்ற ஜமைக்காவுக்கு முதல் பெண் பிரதமராக போர்ஷா சிம்ப்சன் மில்லர் வந்தது 2006-இல். நடுவில் இருந்த நாற்பத்து நான்கு வருடமும் அந்த நாற்காலியில் ஆண்கள்தான்.