சிறு பொறி, பெரும் பணி

காலையில் மகிழுந்தை முடுக்கும்போது இயந்திரம் உடனே இயங்காமல் திணறுகிறது. சாலைச் சந்திப்பில் நிற்கும்போது வாகனம் நடுங்குகிறது. மேட்டில் ஏறும்போது முன்பிருந்த வேகம் இல்லை. பெட்ரோலும் விரைவில் தீர்ந்துவிடுகிறது. இத்தகைய அறிகுறிகளுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் வீட்டிலேயே சரிபார்க்கக்கூடிய ஒன்று, விரல் நீளமே உள்ள ஒரு சிறிய உறுப்பாகும். அதுவே ‘ஸ்பார்க் பிளக்’ எனப்படும் தீப்பொறிச் செருகி.

பெட்ரோல் இயந்திரத்தின் ஒவ்வோர் உருளையிலும் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை அழுத்தப்படுகிறது. அதைத் தக்க நேரத்தில் பற்ற வைப்பதே செருகியின் வேலை. மின்கலத்திலிருந்து வரும் 12 வோல்ட் மின்னழுத்தத்தை, ‘காயில்’ எனப்படும் மின்சுருள் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. செருகியின் நுனியிலுள்ள இரு மின்முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைத் தாண்டி மின்சாரம் பாயும்போது தீப்பொறி தோன்றுகிறது. இயந்திரம் நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றால், ஒவ்வோர் உருளையிலும் நொடிக்கு 25 முறை கலவை பற்ற வேண்டும்.

இவ்வாறு ஓயாமல் உழைப்பதால் மின்முனைகள் சிறிது சிறிதாகத் தேய்கின்றன. இடைவெளி அகலும்போது பொறி வலுவிழக்கிறது; சில வேளைகளில் தோன்றாமலும் போகிறது. நிக்கல் முனை கொண்ட சாதாரணச் செருகிகளை விட இரிடியம், பிளாட்டினம் முனை கொண்டவை நீண்ட காலம் உழைக்கும். அவற்றுள் பல 100,000 கிலோமீட்டர் வரையிலும் தாங்கக்கூடியவை. எனினும், எப்போது மாற்ற வேண்டும், எந்த வகையைப் பொருத்த வேண்டும் என்பதை வாகனக் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான மைவி மகிழுந்துகளுக்கு நான்கு செருகிகளும் ஆக்சியாவுக்கு மூன்று செருகிகளும் தேவைப்படும். டீசல் இயந்திரங்களில் இச்செருகிகள் இல்லை.

செருகிகளை மாற்றுவதற்கு வலிமையை விடப் பொறுமையே அதிகம் தேவை. முதலில் வாகனத்தைச் சமதளத்தில் நிறுத்தி, கைத்தடையை இழுத்து, இயந்திரம் முழுமையாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும். இரவு முழுவதும் விட்டு வைப்பது நல்லது. சூடான இயந்திரம் கையைச் சுடுவதோடு நின்றுவிடாது. செருகி பொருந்தியிருக்கும் உருளைத்தலை பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. சூடாக இருக்கும்போது செருகியைக் கழற்ற முயன்றால் அதன் திருகுமரை சிதைந்துவிடக்கூடும். சில செருகிகளின் விலையை மிச்சப்படுத்தப் போய், அதனினும் பன்மடங்கு செலவை இழுத்துக்கொள்ளும் நிலை ஏற்படும்.

இயந்திரம் ஆறிய பின், மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு செருகியை மட்டுமே மாற்ற வேண்டும். அப்போதுதான் இணைப்புகள் இடம் மாறிக் குழப்பம் ஏற்படாது. பல வாகனங்களில் ஒவ்வொரு செருகியின் மேலும் ஒரு மின்சுருள் அமர்ந்திருக்கும். அதன் இணைப்பை விடுவித்து, திருகாணியைக் கழற்றி, சுருளை நேராக மேலே இழுக்க வேண்டும். அடுத்து, குழியிலுள்ள தூசியை ஊதி அகற்ற வேண்டும். இல்லையெனில் செருகியைக் கழற்றியவுடன் அது உருளைக்குள் விழுந்துவிடும். இதன்போது கண்ணாடி அணிந்து கண்களைக் காத்துக்கொள்ள வேண்டும். பிறகு, செருகிக்கென உள்ள நீண்ட சாக்கெட்டைக் கொண்டு இடப்புறமாகத் திருகினால் செருகி வெளியே வரும்.

கழற்றிய செருகியை உடனே எறிந்துவிடக் கூடாது. அது இயந்திரத்தின் உடல்நிலையைச் சொல்லும். நுனி வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் இயந்திரம் நலமாக உள்ளது எனலாம். காய்ந்த கரி படிந்திருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுந்துள்ளது எனக் கருதலாம். எண்ணெய்ப் பசை தெரிந்தால் எண்ணெய் உருளைக்குள் கசியக்கூடும். நுனி வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அது அளவுக்கு மீறிச் சூடேறியதன் அடையாளம். இத்தகைய குறைகளைப் புதிய செருகி மட்டும் தீர்க்காது; பழுதின் மூலத்தைப் பட்டறையில் கண்டறிய வேண்டும்.

புதிய செருகியைப் பொருத்துவதே மிகுந்த கவனம் தேவைப்படும் கட்டம். கீழே விழுந்த செருகியைப் பயன்படுத்தக் கூடாது. அதன் பீங்கான் பகுதியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். சாக்கெட்டில் செருகியை வைத்து, முதலில் விரல்களால் மட்டுமே வலப்புறமாகத் திருக வேண்டும். தடை ஏற்பட்டால் வலிந்து முடுக்காமல், வெளியே எடுத்து மீண்டும் தொடங்க வேண்டும். செருகி முழுமையாக அமர்ந்த பிறகே, முறுக்கு விசையை அளந்து காட்டும் ‘டார்க் ரெஞ்ச்’ கொண்டு கையேட்டில் குறிப்பிட்டுள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். குறைவாக இறுக்கினால் அழுத்தம் கசியும். அதிகமாக இறுக்கினால் மரை சிதையும்.

எல்லாச் செருகிகளையும் மாற்றிய பின், சுருள்களையும் இணைப்புகளையும் சரிபார்த்து, மின்கலக் கம்பியை மீண்டும் பூட்டி, இயந்திரத்தை முடுக்கிப் பார்க்கலாம். ஓசை சீராக இருந்தால் பணி நிறைவுற்றது. இன்னும் நடுக்கம் இருந்தால் இயந்திரத்தை நிறுத்தி, இணைப்பு ஏதேனும் தளர்ந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். கையேட்டைப் படித்தும் ஐயம் தீராதவர்களும், செருகிகள் கைக்கெட்டாத இடத்திலுள்ள வாகனத்தை வைத்திருப்பவர்களும் இப்பணியைப் பட்டறையிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. மாணவர்கள் பெரியவர்களின் துணையின்றி இதில் ஈடுபடக் கூடாது.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பர். ஆறும் வரை காத்திருந்து, விரலால் திருகி, அளவறிந்து இறுக்குபவரின் கையில் இப்பழமொழி மெய்யாகிறது.