இளம் விஞ்ஞானிக்கு வேலை பழக்குதல்

நீங்கள் கொடுத்தனுப்பும் மண் மாதிரி, பல சமயம் அண்மையில் படிப்பை முடித்து வந்த ஓர் இளம் விஞ்ஞானியின் பொறுப்பில்தான் சோதிக்கப்படுகிறது. அவர் தரும் பரிந்துரையை நம்பியே நீங்கள் உரம் வாங்குகிறீர்கள். ஆகவே, அவருக்கு வேலை பழக்கும் விதம் நீங்களும் அறிந்திருக்க வேண்டிய செய்தியே.

பட்டம் மட்டும் போதுமா?

சோதனை முறைகளை அவர் கல்லூரியில் கற்றிருப்பார். ஆனால், குவியும் மாதிரிகளை வரிசைப்படுத்துவது, உதவியாளர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, இரசாயனங்கள் தீருமுன் வாங்கி வைப்பது ஆகியவை வேலையில் இறங்கிய பின்னரே படியும். இளங்காளையைப் பழகிய காளையுடன் பூட்டித்தானே ஏர் பழக்குகிறோம்? இங்கும் அப்படியே.

ஓர் உதாரணம் பார்ப்போம். மணிச்சத்தை அளக்க, ஆல்சன் முறையில் மண்ணைச் சோடியம் பைகார்பனேட் கரைசலுடன் 30 நிமிடம் குலுக்க வேண்டும். மறதியாகக் கூடுதல் நேரம் குலுக்கினால் சத்து அதிகமாகக் கரைந்து வரும். அறிக்கையும் மணிச்சத்தை அதிகமாகக் காட்டும். அதை நம்பிச் சூப்பர் பாஸ்பேட்டைக் குறைத்தால் நெல்லில் தூர் கட்டுவது குறையும். உதவியாளர் நடந்ததை உடனே சொல்லியிருந்தால் மாதிரியை மறுபடி சோதித்திருக்கலாம். திட்டு விழும் என்று அஞ்சினால் அவர் மறைத்துவிடுவார். நட்டம் உங்களுக்கே.

மூத்தவர் செய்ய வேண்டியவை

1. முதல் சில வாரங்கள் அருகிலிருந்து செய்து காட்ட வேண்டும். பிறகு இளைஞரைச் செய்யவிட்டுப் பார்க்க வேண்டும்.
2. முடிவு தெரிந்த மாதிரி ஒன்றை மற்றவற்றுடன் கலந்து சோதிக்கச் சொல்ல வேண்டும். பிழை இருந்தால் இதில் வெளிப்படும்.
3. வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேச வேண்டும். வேலைக் குறிப்பேட்டையும் சேர்ந்து பார்க்க வேண்டும்.
4. தவறை ஒப்புக்கொள்பவரைக் கடியாமல், தவறு நேர்ந்த காரணத்தைக் கண்டு நீக்க வேண்டும். பிறரைக் கண்டிக்க வேண்டியிருந்தால் தனியே அழைத்துச் சொல்லவும் இளைஞருக்குக் கற்றுத்தர வேண்டும்.

கோவை தரும் பாடம்

கோயம்புத்தூரில் 1912ஆம் ஆண்டு கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டபோது அதன் தலைவராக இருந்தவர் பார்பர். அவருக்கு உதவியாளராக அமைந்தவர் டி.எஸ். வெங்கட்ராமன். காட்டுக் கரும்பைக் கலந்து உருவாக்கிய கோ 205 இரகம் 1918இல் வெளிவந்தது. பார்பர் சென்ற பின்னும் வேலை தடைப்படவில்லை. வெங்கட்ராமன் பொறுப்பேற்று மேலும் பல இரகங்களைத் தந்தார். அவர் காலத்தில், 1934இல், ஜானகி அம்மாள் அங்கு ஆய்வுப் பணியில் சேர்ந்தார். தலைவர் மாறினாலும் ஆராய்ச்சி தொடர வேண்டுமானால், அடுத்தவரை முன்கூட்டியே பழக்கி வைக்க வேண்டும்.

உங்கள் பங்கு

வரப்பு ஓரம், எருக்குவியல், மர நிழல் ஆகியவற்றைத் தவிர்த்து மாதிரி எடுங்கள். முன்பு இட்ட உரத்தையும் அடுத்துச் செய்யவிருக்கும் பயிரையும் தவறாமல் எழுதிக் கொடுங்கள். அறிக்கை உங்கள் வயல் அனுபவத்துடன் ஒத்துவரவில்லையா? அதைக் கிழித்துப் போடாமல் ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்று விளக்கம் கேளுங்கள். உங்கள் கேள்வியால் அந்த இளைஞர் தம் வேலையை மறுபடி சரிபார்ப்பார். அவர் தேர்ந்தால் உங்கள் உரச் செலவு வீணாகாது.