மூட்டுக்குள் போடும் ஊசி: போடுகிற கை பழகிய கைதானா?



"முட்டி வலி தாங்கலை, ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்று கேட்காத ஊர் உண்டா? இடுப்பிலோ கையிலோ போடுகிற வலி ஊசி வேறு, மூட்டுக்குள்ளேயே இறக்குகிற ஊசி வேறு. நாம் இங்கே பார்க்கப் போவது இரண்டாவது வகையை.

இதில் செலுத்துவது பெரும்பாலும் ஸ்டீராய்டு மருந்து. 1948-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தால் நடக்கவே சிரமப்பட்ட ஒரு பெண்ணுக்கு கார்டிசோன் கொடுத்தார். சில நாளிலேயே அந்தம்மா எழுந்து நடமாடினார். 1950-ல் ஹென்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வகை மருந்தை மூட்டுக்குள்ளேயே செலுத்திப் பார்த்து 1951-ல் எழுதினார் ஜோசப் ஹாலண்டர் என்ற டாக்டர். இன்று ட்ரையம்சினலோன், மெத்தில் பிரெட்னிசலோன் என்ற பெயர்களில் வருகிறது. முழங்காலுக்கு வழக்கமாக 40 மில்லிகிராம், விரலுக்கு அதைவிடக் கொஞ்சம்.

மருந்து சுலபம், கைப்பழக்கம்தான் கஷ்டம். டாக்டர் பட்டம் வாங்கியதும் தானாக வந்துவிடும் வித்தை அல்ல இது. முதலில் எலும்புக்கூட்டை வைத்து மூட்டின் இடுக்கு எங்கே என்று பார்க்க வேண்டும். பிறகு தன் முழங்காலிலும் கூடப் படிப்பவர் முழங்காலிலும் தடவிப் பார்த்து பேனாவால் குறி போட வேண்டும். அப்புறம் ரப்பர் பொம்மை மூட்டில் ஊசி குத்திப் பழக வேண்டும். அதன் பின், அனுபவம் உள்ள டாக்டர் பக்கத்தில் நிற்க, நோயாளிக்குப் போட வேண்டும். தனியாகப் போடுவது கடைசியில்தான். முழங்கால் தொட்டாலே தெரியும். இடுப்பு மூட்டோ ஆழத்தில் கிடக்கிறது. அதற்கு ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே போடுவது நல்லது.

மூட்டைச் சுற்றிய இடங்களிலும் இந்த ஊசி உண்டு. மடக்கிய விரல் 'டக்' என்று மாட்டிக்கொள்வது, கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கித் தாய்க்குக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிப்பது, இவற்றுக்குப் போடுகிறார்கள். இங்கே ஊசி நரம்புக் கயிறு போன்ற தசைநாணின் பக்கத்தில் இருக்கணும், உள்ளே ஏறக் கூடாது. மருந்தைத் தள்ளும்போது கெட்டியாக எதிர்த்தால் பழகிய கை உடனே நிறுத்திப் பின்னுக்கு இழுத்துவிடும். பழகாத கை அழுத்தித் தள்ளும். குதிகால் மேலுள்ள தசைநாண் அறுந்துபோனதும் உண்டு, ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துக் குழி விழுந்ததும் உண்டு.

இன்னொன்று, எப்போது போடக் கூடாது என்பது. என்னைக் கேட்டால் பயிற்சியில் பாதி இதுதான். மூட்டு சிவந்து சுடுகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, மேலே புண் இருக்கிறதா? போடக் கூடாது. நீர் கோத்த மூட்டென்றால் நீரை முதலில் உறிஞ்சிப் பார்ப்பார்கள். வைக்கோல் நிறத்தில் தெளிவாக வந்தால் சரி. கலங்கலாக வந்தால் ஊசியை ஒதுக்கிவிட்டு நீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். சீழ் பிடித்த மூட்டில் ஸ்டீராய்டு போடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது போல. செயற்கை மூட்டு வைத்திருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சில நாள் சர்க்கரை ஏறும்.

புது சிரிஞ்சு, புது ஊசி என்று நீங்களே கண்ணால் பார்க்கலாம், கூச்சப்படாதீர்கள். துடைத்த இடம் காய வேண்டும், அதன்பின் அங்கே விரல் படக் கூடாது.

போட்ட பின் ஓரிரு நாள் வலி கூடலாம், ஐஸ் ஒத்தடம் போதும். ஆனால் வலியும் வீக்கமும் நாளுக்கு நாள் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூட்டுக்குள் கிருமி புகுவது அரிது. புகுந்துவிட்டால் சில நாளிலேயே குருத்தெலும்பு அழிந்துபோகும், கால் ஆயுசுக்கும் மடங்காமல் போகலாம். சந்தை நாளில் முட்டி ஊசி போடுகிறவர் அப்போது அங்கே இருக்க மாட்டார்.

சுகம் சில வாரம், மிஞ்சினால் சில மாதம். 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், தேய்ந்த முழங்காலுக்கு 12 வாரத்துக்கு ஒருமுறையாக 2 வருஷம் போட்டவர்களுக்கு, வெறும் உப்பு நீர் போட்டவர்களைவிட வலி ஒன்றும் குறையவில்லை, குருத்தெலும்புதான் அதிகம் தேய்ந்திருந்தது. ஆகவே வலி குறைந்த அந்த நாட்களில் தொடைக்குப் பலம் ஏற்றிக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி, மெதுவாக இறக்கினால் போதும். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபோது, வீட்டுக்கே வந்து இந்தப் பயிற்சிகளைச் சொல்லித் தருவதும் அதில் சேர்க்கப்பட்டது.

ஊசி போட்ட தேதி, எந்த மூட்டு, என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று ஓ.பி. சீட்டில் எழுதி வாங்கி, ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை பார்க்கும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.